ஈரக்காற்றில் காகித வேலை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் வாழ்த்து அட்டை செய்ய உட்காருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வானத்தைத்தான். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை எங்கள் வீடுகளில் சுவரே வியர்க்கும். அலமாரியில் வைத்த பிரிஸ்டல் போர்ட் என்ற தடித்த தாள் ஓரம் சுருண்டு நிற்கும். ஒட்டிய பூ சில நாளில் எழும்பிவரும். அட்டையின் பின்புறத்தில் பூஞ்சணம் சாம்பல் நிறத்தில் புள்ளி வைக்கும். வெயில் நன்றாகக் காயும் ஊர்களில் இருப்பவர்கள் சொல்லித்தரும் முறைகளை அப்படியே செய்து பார்த்துவிட்டு, "எனக்குக் கைவேலை வராது" என்று ஒதுங்கிவிட்ட பெண்கள் எங்கள் ஊரில் பலர். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை. காகிதம் ஈரத்தைக் குடிக்கும் பொருள், அதை இந்த மலையில் எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அட்டை, காகித நகை, உள்ளங்கைப் புத்தகம் என்று வீட்டிலிருந்தபடி பல வருடமாகச் செய்துவருகிறேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மலையகம் முழுவதற்கும் ஒரே மழை இல்லை. இது என் வேலைக்குப் பெரிய உதவியாக இருந்தது, அதுவும் தங்கச்சியைப் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த பிறகு. ஜூலை மாதம் ஹட்டனில் குடையோடு ரயில் ஏறினால், பட்டிப்பொலையைத் தாண்டிச் சுரங்கத்துக்கு அப்பால் வெயில் முகத்தில் அடிக்கும். பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்துக்குப் பெரிய மழை வருடக் கடைசியில், வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. எங்கள் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம். இதை வைத்துத்தான் நாங்கள் இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒட்டுவது, வார்னிஷ் பூசுவது, இலை காயவைப்பது ஆகியவற்றை யார் பக்கம் வறண்டிருக்கிறதோ அவர் செய்வார். வெட்டுவது, மடிப்பது, தைப்பது, மணி சுற்றுவது எந்த மழையிலும் நடக்கும். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை அட்டைகளுக்கான வேலையை நான் பிப்ரவரியில் முடித்துவிடுவேன். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கும் தீபாவளிக்கும் உரியவை அவள் வீட்டில் ஓகஸ்டிலேயே காய்ந்து பெட்டிக்குள் போய்விடும். தீபாவளி முற்பணம் கைக்கு வந்த பிறகுதான் தோட்டத்தில் வாங்குவார்கள், அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பக்கமும் மழை கொட்டும். அப்போது உட்கார்ந்து பசை தடவினால் ஒன்றும் உருப்படாது.

அடுத்து, இழை. காகிதத்துக்கும் இழை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆலையில் கூழ் ஓடும் வலையின்மேல் விழும்போது நார்கள் பெரும்பாலும் வலை ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவு வளராது, பருமனில் ஊதும். ஆகவே தாளும் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும், குறுக்கேதான் அதிகம் சுருங்கும். பத்திரிகையை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். காரணம் இதுதான். காலையில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து பத்து மணிக்கு விலகும் வீட்டில், தாள் ஒரே நாளில் விரிந்து சுருங்கிவிடும். அதைத் தடுக்க நம்மால் முடியாது. எந்தத் திசையில் விரியும் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப மடிக்க முடியும்.

பார்ப்பது எளிது. தாளை மடித்துவிடாமல், எதிர் ஓரங்களைச் சேர்த்து மெல்ல வளைத்து உள்ளங்கையால் அமுக்குங்கள். பிறகு மற்றப் பக்கமாகத் திருப்பி அதேபோல் அமுக்குங்கள். எந்தப் பக்கம் கை எதிர்ப்பைக் குறைவாக உணர்கிறதோ, அந்த வளைவுக்கு இணையாக இழை ஓடுகிறது. மடிப்பும் புத்தக முதுகும் அந்தத் திசையில்தான் இருக்க வேண்டும்.

இதைப் போட்டோகொப்பித் தாளில் சொன்னால் விளங்கும். ஏ4 தாள் 210க்கு 297 மி.மீ. நான் வாங்கும் தாள்களில் பெரும்பாலும் இழை நீளப்பக்கத்துக்கு இணையாக இருக்கிறது. அதை நடுவில் மடித்து ஏ5 அளவில் அட்டையாக்கினால் மடிப்பு 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக விழும், அதாவது இழையை முறித்துக்கொண்டு. மெல்லிய தாளில் இது பெரிதாகத் தெரியாது, சதுர மீற்றருக்கு 200 கிராமுக்கு மேற்பட்ட தடித்த அட்டையில் முதுகு வெடிக்கும், அட்டையும் மூடிக்கொள்ளாமல் வாய் திறந்தே நிற்கும். அதே ஏ4ஐ முதலில் இரண்டாக வெட்டி, ஏ5 துண்டை நடுவில் மடித்தால் மடிப்பு இழையோடு போகும். 105க்கு 148 மி.மீ. அளவில் கச்சிதமான ஏ6 அட்டை கிடைக்கும். இன்னும் ஒருமுறை வெட்டி ஏ7 செய்யப் போனால் மடிப்பு மறுபடியும் குறுக்கே விழுகிறது. ஒவ்வொரு பாதியிலும் இழை முறை மாறிவரும் என்பதால், நான் விற்கும் அட்டையும் சின்னப் புத்தகமும் ஏ6 அளவிலேயே இருக்கின்றன. கையிலும் அடங்குகிறது, சின்ன உறையிலும் போகிறது. பிரிஸ்டல் போர்டைப் பெரிய தாளாக வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, ஒவ்வொரு முறையும் வளைத்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்துவதைத் தவறவிடக் கூடாது. மை தீர்ந்த போல்பொயின்ட் பேனாவையும் இரும்பு அடிமட்டத்தையும் வைத்து ஒரு கோடு இழுத்தால் போதும். ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மெல்லிய வரம்பும் விழும். வரம்பு மடிப்பின் உள்ளேயும் பள்ளம் வெளியேயும் வரும்படி மடிக்க வேண்டும். பலர் பள்ளத்துக்குள் மடிப்பதுதான் சரி என்று நினைக்கிறார்கள். இரண்டையும் ஒரே அட்டைத் துண்டில் செய்து வெளிச்சத்தில் பாருங்கள், எது வெடித்திருக்கிறது என்று தெரியும்.

பசை விஷயத்தில் என் நிலைப்பாடு உறுதியானது. அட்டைக்குக் கடையில் விற்கும் வெள்ளைப் பசையான பைண்டர் கம், புத்தக மேலட்டைக்குக் கோதுமை மாப் பசை. பைண்டர் கம்மில் தண்ணீர் குறைவு, ஆகவே தாள் அவ்வளவு ஊறாது. பூ, நட்சத்திரம், எழுத்து எல்லாவற்றையும் அதைக் கொண்டே, ஈர்க்கு நுனியால் தொட்டுத்தொட்டு ஒட்டலாம். மேலட்டைக்குத் தாள் போர்த்தும்போது அது வேகமாகக் காய்ந்துவிடுவதால், தாளை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் இருக்காது. ஒரு பங்கு கோதுமை மாவுக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் விட்டு, கட்டி விழாமல் கரைத்து, கண்ணாடிபோல் வரும்வரை காய்ச்சி ஆறவைத்த பசை அந்த அவகாசத்தைத் தரும். பூசியதும் ஓரிரு நிமிடம் தாளை விட்டுவைக்க வேண்டும். விரிய வேண்டியது விரிந்த பிறகு ஒட்டினால் கொப்புளம் வராது. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டிய அட்டை காயும்போது அந்தப் பக்கமாக வளையும். உள்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து அட்டை நேராக நிற்கும். பழைய பைண்டர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் வீட்டில், சமைக்கும் சட்டியில் அந்த வேலையே வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டிய அளவு காய்ச்சி, புளித்த வாடை வந்ததும் கொட்டிவிடுவது நல்லது.

ஒட்டியதை அடுப்புக்கு மேலே பரண்மீது காயவைக்கும் பழக்கம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் உண்டு. விறகுப் புகையில் வெள்ளைத் தாள் மஞ்சளாகிவிடும், மணமும் போகாது. வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து நடு நெளியும். பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து, மேலே பலகையும் அம்மிக் குழவியும் ஏற்றி, காலையும் மாலையும் பத்திரிகையை மாற்றுவதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

2022 மார்ச்சில் நாட்டில் காகிதத் தட்டுப்பாடு வந்தது. மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் பிரிஸ்டல் போர்ட் கண்ணில் படவில்லை, இருந்த இடத்திலும் விலை கேட்டுத் திரும்பிவர வேண்டியிருந்தது. அந்த நாட்களில்தான் தேயிலைச் சாக்கின் அருமை எங்களுக்குத் தெரிந்தது. தொழிற்சாலையில் தேயிலையை ஏறக்குறைய 3 சதவீத ஈரம் மிஞ்சும்வரை உலர்த்துகிறார்கள். அப்படி உலர்ந்த தூள் வெளிக்காற்றின் ஈரத்தை இழுத்துவிடும் என்பதால், பல அடுக்குக் காகிதச் சாக்கில், உள்ளே அலுமினியத் தாள் வைத்து அடைக்கிறார்கள். கிழிந்து ஒதுக்கிய சாக்கைக் கேட்டு வாங்கி அடுக்கடுக்காகப் பிரித்தோம். வெளியடுக்கின் பழுப்புத் தாள் எத்தனை முறை மடித்தாலும் வெடிப்பதில்லை. புத்தக மேலட்டைக்கு அதைப்போல் வேறொன்று கிடைக்காது. உள்ளிருந்த அலுமினியத் தாள் கிறிஸ்மஸ் நட்சத்திரங்களானது. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் நாங்கள் சாக்குத் தாளை விடவில்லை. வாங்குகிறவர்கள் அட்டையை மூக்கருகே கொண்டுபோகிறார்கள், தேயிலை மணம் அதில் தங்கியிருக்கிறது.

அதே தூளில் மையும் செய்யலாம். டஸ்ட் தேயிலையைக் கடும் சாயமாகக் கொதிக்கவிட்டு வடித்து, அதில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்தால், சாயத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து நிறம் கறுத்துக்கொண்டே வரும். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கருஞ்சாம்பலாக ஏறும். அட்டையில் பெயர் எழுத அழகானது. நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய புத்தகத்துக்கு மட்டும் வேண்டாம், இரும்பு கலந்த மை காலப்போக்கில் தாளை அரிக்கும்.

அலங்காரத்துக்கு எங்கள் மலையில் பஞ்சமில்லை. தேயிலைக்கு நிழலாக நிற்கும், நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரத்தின் இலை மேலே பச்சையாகவும் அடியில் வெள்ளிப் பட்டாகவும் இருக்கும், அமைப்பு பன்னத்தின் இலையைப்போல் பிரிந்து பிரிந்து ஓடும். காய்ந்த பிறகும் அந்த வெள்ளி மங்குவதில்லை. அடிப்பக்கம் மேலே தெரியும்படி கறுப்பு அட்டையில் ஒட்டினால் வேறு எதுவும் தேவைப்படாது. இலையைப் பழைய தொலைபேசிப் புத்தகத்தில் வைத்து, முதல் சில நாட்களுக்குத் தினமும் பக்கத்தை மாற்ற வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதைக் கன்னம் சொல்லும். இலையைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ச்சி தட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அதை ஒட்டினால் அட்டையோடு சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கும்.

நகை வேலையில் நான் அதிகம் செய்வது காகித மணி. பழைய கலண்டரின் வழவழப்பான தாளை, அடியில் 2 சென்ரிமீற்றரும் நீளத்தில் 25 சென்ரிமீற்றரும் இருக்கும் நீண்ட முக்கோணங்களாக வெட்டி, அகன்ற பக்கத்திலிருந்து ஈர்க்கின்மேல் சுற்றிக்கொண்டு போனால் நடுவில் தடித்து இரு முனையும் மெலிந்த மணி வரும். ஈர்க்குக்கு இணையாக இழை இருந்தால் தாள் தானாகச் சுற்றிக்கொள்ளும். கடைசி நுனியில் மட்டும் கம் போதும். பிறகு வார்னிஷை மெல்லிதாக இரண்டு மூன்று பூச்சு கொடுக்க வேண்டும், துளையின் வாய் உட்பட. அங்கேதான் ஈரம் முதலில் நுழையும். நகப்பூச்சையே வார்னிஷாகப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடுபனி இறங்கிய மாலையில் பூசினால் அது பால்போல் வெளுத்துவிடும். பூச்சு உலரும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுவதுதான் காரணம். வறண்ட நாளின் நடுப்பகலில் பூசினால் அந்தத் தொல்லை இல்லை.

தோட்டுக்கான கொக்கியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கும், பலருக்கு அது காது மடலைப் புண்ணாக்கிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி சற்று விலை கூடினாலும், அதை மாட்டிய பெண் மறுபடி உங்களிடம் வருவாள். விதை நகை கேட்டு வருகிறவர்களுக்கு மஞ்சாடி கொண்டு செய்கிறேன். குன்றிமணி கண்ணைப் பறிக்கும் அழகுதான், ஆனால் ஓடு உடைந்தாலோ துளையிட்டாலோ உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. துளையிடும் தூள் செய்கிறவருக்கே ஆபத்து, கோத்த மாலை குழந்தை வாயில் வைத்தால் இன்னும் ஆபத்து. யார் எவ்வளவு கேட்டாலும் நான் அதைத் தொடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை சின்னப் புத்தகம். ஏ5 துண்டுகள் எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கம். அதற்குச் சாக்குத் தாளில் ஒரு மேலட்டை. மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்றாக மூன்று துளை. சாக்கு ஊசி பெரிது, துளை கிழியும். தடித்த தையல் ஊசியைத் தக்கையில் குத்திப் பிடித்துக்கொண்டால் போதும். நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்துவிட்டு, நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே குத்துங்கள், உள்ளே நான்கு விரல் நூல் மிஞ்சட்டும். வெளியே மேல் துளைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்பக்கமாக நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியேறுங்கள். மறுபடி நடுத்துளையில் உள்ளே வந்து, உள்ளே ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனையும் அந்தப் பக்கம் ஒரு முனையுமாக இருத்தி முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் நீளத்துக்கே இழுத்து இறுக்க வேண்டும், மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும். தைத்து முடித்ததும் உள்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை அடிமட்டம் வைத்துப் புதிய பிளேடால் சீவிவிட்டால் ஓரம் ஒரே கோடாகும். முன்கூட்டியே வெட்டிவைப்பதில் பயனில்லை, மடித்த பிறகுதான் எவ்வளவு நீட்டுகிறது என்று தெரியும்.

பிள்ளைகளுக்கானால் தையலே வேண்டாம். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து விரித்து, நடுவில் இரண்டு கட்ட அளவுக்கு ஒரு வெட்டு வெட்டி, நீளவாட்டில் மடித்து இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். பக்கத்து லயப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து, "அக்கா, தாள் தாங்க" என்று நிற்பார்கள். பரீட்சைத் தாளின் எழுதாத பின்புறம் அதற்குப் போதும்.

உள்ளே என்ன எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். வெற்றுப் பக்கமாகவும் விற்கலாம். நான் என் அப்பாயியின் தாலாட்டுகளை எழுதினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து பாடியவர். ஒரு பக்கத்துக்கு நான்கு வரி, எதிர்ப்பக்கத்தில் ஒரு காய்ந்த இலை. எங்கள் குடும்பத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பிரதி தைத்துக் கொடுக்கிறேன். முன்னொரு காலத்தில் சிந்துப் புத்தகங்களைத் தோட்டம் தோட்டமாகப் பாடி விற்றுக்கொண்டு போவார்களாம். நம் வீட்டுக் கிழவிகளின் பாட்டையும் வைத்தியத்தையும் கதையையும் 32 பக்கத்தில் தைத்து வைக்க அச்சகம் தேவையில்லை. இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

செய்ததைப் பாதுகாக்க மூடி இறுகும் பிஸ்கட் டின் போதும். வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் ஈரத்தை ஓரளவு இழுத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை மறுபடி வறுக்க வேண்டும். இராமபாணப் பூச்சிக்கு மாப் பசை என்றால் உயிர். டின்னைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், அடிக்கடி திறந்து பார்த்து வந்தால் அது குடியேறாது.

தபாலில் அனுப்பும் அட்டையின் எடையைச் செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவானது, எடை கூடினால் மேலும் கூடும். சதுர மீற்றருக்கு 250 கிராம் வரும் அட்டையில் ஏ5 அளவில் வெட்டிய துண்டு ஏறக்குறைய 8 கிராம்தான். மணியும் கம்பியும் ஏற்றினால் நிறுத்துப் பார்க்காமல் முத்திரை ஒட்ட முடியாது, முத்திரை குத்தும்போது மணி நசுங்கவும் கூடும். தபாலுக்குப் போகும் அட்டையில் இலையும் காகிதமும் மட்டும் வைக்கிறேன், மணி வைத்தவை கைக்குக் கை விற்பனைக்கு.

விலையைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. கொழுந்து எடை குறைந்தால் அரைநாள் சம்பளம் மட்டும் தரும் அரைப்பேர் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் வருவதற்கு எத்தனை காலம் போராட வேண்டியிருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி உழைப்புக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த பெண்களே, வீட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் செய்த அட்டையைத் தாள் விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2024இன் அந்த 1,350ஐ எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 170 ரூபா. மலையில் ஏறி இறங்கும் வேலைக்கே அது போதாத கூலி. ஆகவே அதற்குக் கீழே போகாமல், தாள், கம், கொக்கி எல்லாவற்றையும் அதன்மேல் கூட்டித்தான் விலை சொல்ல வேண்டும். விலை அதிகம் என்று தோன்றினால் நேரத்தைக் குறையுங்கள். ஒரே அட்டையை முழுதாகச் செய்து முடிப்பதைவிட, ஒரு நாள் முழுக்க வெட்டு, மறுநாள் முழுக்க மடிப்பு என்று செய்தால் ஒன்றுக்கு ஆகும் நேரம் நன்றாகக் குறைகிறது.

எல்ல, நுவரெலியாப் பக்கத்துச் சுற்றுலாக் கடைகள் விற்றபின் பணம் தருவதாகச் சொல்லிப் பொருளை வாங்கிவைக்கின்றன. ஒரு கடையில் தங்கச்சிக்கு மாதக்கணக்கில் பணம் வராமல் இழுபட்டது. வெயில் பட்டு நிறம் வெளுத்த அட்டைகளைத் திருப்பித் தந்தார்கள். இப்போது நாங்கள் பாதிப் பணத்தை முன்னதாகக் கேட்கிறோம். எண்ணிக்கை, விலை, திருப்பித் தரும் நாள் மூன்றையும் இரண்டு துண்டில் எழுதி, ஒன்றில் கடைக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொண்ட பிறகே பெட்டியைத் திறக்கிறோம்.